பல்கலைக்கழகத்தில் ஆர்வம் எங்கே போகிறது?

எமது கிராமங்களில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டால் அது அந்தக் குடும்பத்தின் செய்தி மட்டுமல்ல, ஊரின் செய்தி. பாடசாலை வாசலில் பெயர் எழுதிய பதாகை தொங்கும். சனசமூக நிலையம் பாராட்டு விழா எடுக்கும். இன்னும் நான்கு வருடத்தில் எமது ஊருக்கு ஒரு பட்டதாரி என்று எல்லோரும் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆனால் முதலாம் வருடம் முடிவதற்கிடையில் சில வீடுகளிலிருந்து வேறு கதை கேட்கத் தொடங்குகிறது. "விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிச்ச பிள்ளை, இப்ப புத்தகத்தைத் தொடுறானில்லை." "ரெண்டு பாடம் திரும்ப எழுத வேணுமாம்." விரிவுரையாளரைக் கேட்டால் அவரும் இதையே வேறு சொற்களில் சொல்வார்: இந்தக் காலத்து மாணவர்களுக்கு ஆர்வமே இல்லை.

காரணங்களுக்குக் குறைவில்லை. கைத்தொலைபேசி, கூடாத கூட்டு, மாணவர் சங்கம், சோம்பல். ஒவ்வொன்றிலும் சிறிது உண்மை இருக்கலாம். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நாலு மணிக்கு எழும்பிய பிள்ளையும் இன்று புத்தகத்தைத் தொடாத பிள்ளையும் ஒரே பிள்ளைதான். குணம் ஒரு வருடத்தில் மாறிவிடாது. அப்படியானால் மாறியது எது?

கல்வி உளவியலில் இரண்டு சொற்கள் அடிக்கடி சேர்ந்து வரும். ஒன்று ஊக்கல், மற்றது ஈடுபாடு. ஒருவர் ஏன் கற்க முற்படுகிறார் என்பதைச் சொல்வது ஊக்கல். கற்கும் வேளையில் அவர் உண்மையில் என்ன செய்கிறார், எவ்வளவு மனம் வைத்துச் செய்கிறார் என்பதைச் சொல்வது ஈடுபாடு. ஊக்கல் முதலில் வரும், ஈடுபாடு அதன் பின்னால் தானாக வரும் என்றே நாம் பொதுவாக நினைக்கிறோம். ஆகவேதான் ஆர்வமில்லாத மாணவனுக்குப் புத்திமதி சொல்கிறோம். கடந்த ஐம்பது வருட ஆய்வுகளைப் பார்த்தால் எதிர்த் திசையிலும் பாதை உண்டு என்பது தெரிகிறது. கையில் எடுத்த வேலை பிடிபடத் தொடங்கும்போது ஆர்வம் பிறக்கிறது. வேலையே கையில் கிடைக்காதபோது இருந்த ஆர்வமும் வற்றிவிடுகிறது.

வாசல் வரை கொண்டுவந்த விசை

க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போவது எது என்று பார்ப்போம். பரீட்சைத் திகதி ஒன்று இருக்கிறது. 2001ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் தங்கியிருக்கிறது. தசம தானங்களில் தலைவிதி தீர்மானிக்கப்படும் போட்டி அது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 சதவீதம் கல்வி வாய்ப்புக் குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. வடக்கு, கிழக்கு மாவட்டங்களும் நுவரெலியா, பதுளை போன்றவையும் இப்பதினாறில் அடங்கும். வெட்டுப்புள்ளி எங்கே விழும் என்பது எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. பயம், போட்டி, வீட்டாரின் எதிர்பார்ப்பு, ரியூசன் ஆசிரியரின் விரட்டல் எல்லாம் சேர்ந்து பிள்ளையை நாலு மணிக்கு எழுப்புகின்றன. இவை வெளியிலிருந்து வரும் விசைகள். அவை வேலை செய்வதில்லை என்று யாரும் சொல்ல முடியாது, நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் பல்கலைக்கழக வாசலுடன் அவற்றின் பயணம் முடிந்துவிடுகிறது.

அத்துடன் இரண்டு விடயங்கள் சேர்கின்றன. பரீட்சை எழுதிப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பதிவு முடிந்து முதல் விரிவுரை தொடங்குவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் செல்வது எமது நாட்டில் வழக்கமாகிவிட்டது. இந்த இடைவெளியில் படிக்கும் பழக்கம் அறுந்துபோகும். அடுத்தது, கிடைத்த பாடநெறி விரும்பிய பாடநெறியாக இருப்பது அரிது. வைத்தியராக வேண்டும் என்று உயிரியல் படித்தவர்களில் பெரும்பாலானோர் விண்ணப்பப் படிவத்தில் ஐந்தாவதாகவோ எட்டாவதாகவோ எழுதிய ஏதோ ஒரு துறையில் வந்து சேர்கிறார்கள். தோற்றுப்போனவன் என்ற எண்ணத்துடனேயே பாராட்டு விழாவில் மாலை வாங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளும் உண்டு. இது வீட்டாருக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள்.

காசு கொடுத்துத் தீர்த்த புதிர்

வெளியிலிருந்து வரும் விசைக்கும் உள்ளிருந்து வரும் விருப்பத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்களில் அமெரிக்க உளவியலாளர் எட்வேட் டெசி முக்கியமானவர். 1971ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட பரிசோதனை மிக எளிமையானது. பல்கலைக்கழக மாணவர்களுக்குத் துண்டுகளைப் பொருத்தி உருவங்கள் அமைக்கும் ஒரு புதிர் கொடுக்கப்பட்டது. அது இயல்பாகவே சுவையான விளையாட்டு. மூன்று அமர்வுகள். இரண்டாவது அமர்வில் ஒரு குழுவினருக்கு மட்டும், தீர்க்கும் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டொலர் வழங்கப்பட்டது. மூன்றாவது அமர்வில் எவருக்கும் காசில்லை. ஒவ்வொரு அமர்வின் நடுவிலும் பரிசோதனை நடத்துபவர் ஏதோ சாட்டுச் சொல்லி எட்டு நிமிடம் வெளியே போய்விடுவார். அறையில் சஞ்சிகைகள் கிடக்கும். மாணவர் அந்நேரத்தில் விரும்பியதைச் செய்யலாம். அப்போதும் புதிரைத் தொடுகிறாரா என்பதே அளவீடு. காசு பெற்றுப் பழகியவர்கள், காசு நின்றவுடன் முன்னரைவிடக் குறைவாகவே புதிரைத் தொட்டனர்.

அது சிறு பரிசோதனை. அதன் முடிவை மறுத்தவர்களும் உண்டு. ஆனால் 1999ஆம் ஆண்டு டெசியும் ரிச்சட் றயனும் இன்னொருவரும் இவ்வகையான 128 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, செய்து முடித்தால் இவ்வளவு தருவோம் என்று பேரம் பேசிக் கொடுக்கும் பரிசு இயல்பான விருப்பத்தைக் குறைக்கிறது என்பதும், மனமார்ந்த பாராட்டு அதைக் கூட்டுகிறது என்பதும் புலப்பட்டன. இதை வைத்துப் புலமைப்பரிசில் கூடாது என்று எவரும் முடிவுகட்டக் கூடாது. 1981ஆம் ஆண்டு தொடங்கிய மகாபொல உதவி இல்லையெனில் எத்தனையோ தோட்டத் தொழிலாளர், மீனவர் குடும்பப் பிள்ளைகள் விடுதிச் சாப்பாட்டுக்கே வழியின்றி வீடு திரும்பியிருப்பார்கள். பசியைத் தீர்க்கும் பணம் வேறு, ஆர்வத்தை விலைக்கு வாங்கப் பார்க்கும் பணம் வேறு.

டெசியும் றயனும் இதிலிருந்து மேலும் சென்று, ஒருவரின் உள்ளார்ந்த ஊக்கல் வளர மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்றனர். தான் செய்வது தன் தெரிவு என்ற உணர்வு. தன்னால் இது முடியும் என்ற உணர்வு. தன்னைத் தம்மவராக ஏற்பவர்கள் அருகில் இருக்கிறார்கள் என்ற உணர்வு. எமது கிராமத்துப் பிள்ளையின் முதலாம் வருடத்தை இம்மூன்றின் முன் வைத்துப் பாருங்கள். பாடநெறியை வெட்டுப்புள்ளி தெரிவுசெய்தது. பதின்மூன்று வருடம் தமிழில் படித்தவர் விஞ்ஞானத்தையும் பொறியியலையும் திடீரென ஆங்கிலத்தில் கேட்கிறார். அறைத்தோழனின் ஊர் எது என்றே இன்னும் சரியாகத் தெரியாது. மூன்றுமே ஒரே மாதத்தில் அடிபட்டுப் போகின்றன. இதன் பிறகு ஆர்வம் இல்லை என்று குற்றம் சொல்வது, தண்ணீர் விடாத பயிரைப் பார்த்து ஏன் வாடினாய் என்று கேட்பது போன்றது.

வரவு உண்டு, ஆள் இல்லை

பல பீடங்களில் பரீட்சைக்குத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும். ஆகவே மண்டபம் நிறைந்திருக்கும். ஆனால் வரவேட்டில் இருக்கும் கையெழுத்து ஈடுபாட்டின் மிகச் சிறிய பகுதிதான். வருவது, எழுதுவது, ஒப்படையை நேரத்துக்குக் கொடுப்பது என்பன புறச்செயல்கள். பாடத்தின் மீது பற்று இருக்கிறதா, சலிப்பா, அச்சமா என்பது உணர்வு. கேட்டதை ஏற்கெனவே தெரிந்ததோடு பொருத்திப் பார்க்கிறாரா என்பது சிந்தனை. கடைசியாகச் சொன்னது இல்லாமல் முதலிரண்டும் இருந்து பெரிய பயனில்லை. பின்வரிசையில் இருந்து பலகையைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போகிறவருக்கும் வரவு முழுமையாகத்தான் இருக்கும்.

சுவீடனின் கோதென்பேர்க் பல்கலைக்கழகத்தில் பெரென்ஸ் மார்ட்டன், ரொஜர் செல்யோ ஆகியோர் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவ்விடயத்தில் இன்றும் பேசப்படுகிறது. மாணவர்களுக்கு வாசிக்க ஒரு கட்டுரை கொடுத்தார்கள். அதைப் பற்றிக் கேள்வி கேட்கப்படும் என்றும் சொன்னார்கள். பின்னர், எப்படி வாசித்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தார்கள். ஒரு பகுதியினர் என்ன கேட்பார்களோ என்ற எண்ணத்துடன் சொற்களையும் இலக்கங்களையும் மனதில் பிடித்துவைக்க முயன்றிருந்தனர். மற்றவர்கள் எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடியிருந்தனர். முதலாமவர்களில் பலருக்குக் கட்டுரையின் கருத்தே பிடிபடவில்லை. கண் ஒவ்வொரு வரியையும் தொட்டிருந்தது, ஆனால் சாரம் கைக்கு வரவில்லை. ஒன்றை மேலோட்டமான கற்றல் என்றும் மற்றதை ஆழ்ந்த கற்றல் என்றும் அழைத்தனர்.

எம்மவர் அதிகம் கவனிக்காத பகுதி அடுத்தது. மேலோட்டமாகக் கற்பது சில மாணவர்களின் பிறவிக்குணமா என்று அவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் சிறு சிறு தரவுகளை மட்டுமே கேட்டுவந்தபோது மாணவர்கள் அடுத்த அத்தியாயத்தை மேலோட்டமாகவே வாசிக்கத் தொடங்கினர். அதாவது வினாத்தாள்தான் வாசிப்பைப் பழக்குகிறது. ஆனால் கருத்தைக் கேட்டால் எல்லோரும் ஆழமாக வாசிப்பார்கள் என்றும் இல்லை. சிலர் கேட்கப்படும் கேள்வியின் அச்சைக் கண்டுபிடித்து அதற்கு மட்டும் பதில் தயாரிக்கப் பழகிக்கொண்டனர். எமது ரியூசன் கொட்டில்களில் வளர்ந்த பிள்ளைகள் இந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். பத்து வருடக் கடந்தகால வினாத்தாள்களும் சிரேஷ்ட மாணவரின் குறிப்பின் போட்டோப்பிரதியும் கையில் இருந்தால் பாடநூல் எதற்கு? விரிவுரையாளர் அதே கேள்விகளைத் திருப்பித் திருப்பிப் போடும் வரை மாணவரின் கணக்குச் சரிதான்.

பேர்க்லியில் நடந்தது

ஆர்வமின்மை என்று சொல்லப்படுவதை நேரிற் சென்று பார்த்த ஒருவரின் கதை இங்கே சற்று விரிவாகச் சொல்லப்பட வேண்டியது. அமெரிக்காவில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் 1970களின் நடுப்பகுதியில் ஊரி ட்ரீஸ்மன் என்பவர் கணிதத்துறையில் உயர்பட்ட மாணவராக இருந்தார். முதலாம் வருட நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்களில் பெரும்பாலானோர் தோற்பதும் சீன வம்சாவளி மாணவர்கள் சிறப்பாகச் சித்தியடைவதும் அவருக்குப் புதிராக இருந்தன. ஏன் என்று ஆசிரியர்களிடம் கேட்டார். கிடைத்த பதில்கள் எமக்கும் பழக்கமானவை. அவர்களுக்கு ஊக்கம் குறைவு. பாடசாலை அத்திவாரம் பலவீனம். வீட்டில் கல்விக்கு ஆதரவில்லை. வறுமை.

ட்ரீஸ்மன் இரு பகுதியிலும் இருபது இருபது பேராகத் தெரிந்து, அவர்கள் எங்கே, எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். நான்கு விளக்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. அந்தக் கறுப்பின மாணவர்கள் தத்தம் பாடசாலைகளில் முன்னணியில் நின்றவர்கள். பெற்றோர் அவர்கள் கல்விக்காகத் தம்மை வருத்தியவர்கள். ஊக்கமில்லாதவர் வெள்ளையர் நிறைந்த கடினமான பல்கலைக்கழகத்துக்கு வந்தே இருக்க மாட்டார். வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்தார்கள், வாரத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரம் படித்தார்கள். ஆனால் தனியே படித்தார்கள். படிப்பு ஒரு பக்கம், நண்பர்கள் இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடுவே சுவர். பாடசாலையில் அவர்களைக் காப்பாற்றியதே அந்தச் சுவர்தான். கூட்டாளிகளோடு சேராமல் தனித்திருந்து படித்துத்தான் அவர்கள் பல்கலைக்கழகம் வரை வந்திருந்தனர். அந்தப் பழக்கமே இப்போது அவர்களை விழுத்தியது. கணக்குப் பிழைத்தால் அது தனக்கு மட்டும் பிழைக்கிறதா, எல்லோருக்கும் பிழைக்கிறதா என்று அறிய அவர்களுக்கு வழியிருக்கவில்லை.

சீன மாணவர்கள் முதலில் தனியே படித்துவிட்டு மாலையில் ஒன்றுகூடினர். விடைகளை ஒப்பிட்டனர், ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். எவருக்கும் வராத கணக்கு இருந்தால் அது கடினமான கணக்கு என்று தெரிந்துகொண்டனர், தாம் மூளையில்லாதவர் என்று முடிவுகட்டவில்லை. விரிவுரையாளர் எதை எதிர்பார்க்கிறார், யாரிடம் உதவி கேட்கலாம் என்ற செய்திகளும் அங்கேயே பரிமாறப்பட்டன.

இதைக் கண்ட ட்ரீஸ்மன் செய்த ஏற்பாட்டின் நுட்பம் கவனிக்கத்தக்கது. பின்தங்கியவர்களுக்கான விசேட வகுப்பு என்று அவர் பலகை மாட்டவில்லை. அவ்வாறான வகுப்புகளுக்கு அம்மாணவர்கள் வருவதில்லை, ஏனெனில் தாம் பின்தங்கியவர்கள் என்று அவர்கள் நினைக்கவில்லை. திறமையானவர்களுக்கான கருத்தரங்கு என்று அழைத்தார். வழக்கமான வீட்டுப்பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். சிறு குழுக்களாக இருந்து விவாதித்துத் தீர்க்கச் சொன்னார். நடத்துபவர் விடை சொல்ல மாட்டார், தேவைப்பட்டால் ஒரு கேள்வியைப் போடுவார். அந்த அமர்வுகளில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் பெறுபேறு பாடத்தின் பொதுவான நிலைக்கு உயர்ந்தது, தோல்வி மிக அரிதாயிற்று. யாரும் அவர்களுக்கு ஆர்வத்தைப் பற்றி உரை நிகழ்த்தவில்லை. மாற்றப்பட்டது வேலையும் அதைச் செய்த விதமுமே.

குப்பி விளக்கும் குப்பி வகுப்பும்

எமது நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் அதைக் குப்பி என்றே சொல்வர். விளங்கிய மாணவர் ஒருவர் விளங்காதவர்களை இருத்தி விடுதி அறையிலோ மரநிழலிலோ சொல்லிக்கொடுப்பதே குப்பி. மின்சாரமில்லாத காலத்தில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்ததால் வந்த பெயர் என்பார்கள். ஆங்கிலத்தில் கேட்ட பாடம் அங்கே தாய்மொழியில் பேசப்படுகிறது. வெட்கமின்றி மடத்தனமான கேள்வியும் கேட்கலாம். சொல்லிக்கொடுப்பவருக்கே அதிக பயன் என்பதும் ஆய்வுகளில் கண்டது, பிறருக்கு விளக்குவதற்காகப் படிப்பவர் பாடத்தை ஒழுங்குபடுத்தியே படிக்க வேண்டியிருக்கிறது.

குறையும் உண்டு. பரீட்சைக்கு முதல்நாள் இரவு வைக்கும் குப்பி பெரும்பாலும் வரக்கூடிய கேள்விகளின் விடைகளை மனனம் செய்விப்பதாகவே முடிகிறது. ஒருவர் பேச முப்பது பேர் எழுதினால் அது இன்னொரு ரியூசன் வகுப்புத்தான். பேர்க்லியில் பலன் தந்தது ஒன்றாக இருந்தது மட்டுமல்ல, ஒன்றாக இருந்து தாமே தீர்க்க வேண்டிய கடினமான வேலை முன்னால் இருந்ததும்தான். தவணை தொடங்கிய முதல் வாரத்திலிருந்து, நாலைந்து பேராக, வாரத்துக்கு இருமுறை கூடி, முதலில் தனியே முயன்ற கணக்குகளுடன் வந்தால் எமது குப்பியும் அதைச் செய்யும். துறைத்தலைவர்கள் மாலையில் ஓர் அறையைத் திறந்துவிட்டு, நல்ல வினாக்களை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

இந்த இடத்தில் பகிடிவதையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதன் பின்னரும் அது ஒழியவில்லை. அடி உதை பற்றியே பத்திரிகைகள் எழுதுகின்றன. கற்றலுக்கு அது செய்யும் தீங்கு வெளியே தெரிவதில்லை. சில வளாகங்களில் புதிய மாணவர் விரிவுரையில் கேள்வி கேட்பதும் ஆங்கிலத்தில் பேசுவதும் திமிர் என்று தடுக்கப்படுகின்றன. சிங்கள மாணவர் வழக்கில் ஆங்கிலத்துக்குக் கடுவ என்று பெயர், வாள் என்பது அதன் பொருள். வெட்டி விழுத்தும் ஆயுதமாக அம்மொழியை ஏழைப் பிள்ளைகள் கண்டதில் வரலாற்று நியாயம் உண்டு. ஆனால் அந்த வாளைப் பிடித்துப் பழகத் தடைபோட்டால் நட்டம் யாருக்கு? நகரத்துப் பிள்ளை வீட்டிலேயே பழகிவிட்டு வருகிறது. கிராமத்துப் பிள்ளைக்கு வளாகத்தை விட்டால் வேறு இடமில்லை. சமத்துவத்தின் பெயரால் நடப்பது வறியவரையே வாயடைக்கிறது என்பதைச் சிரேஷ்ட மாணவர்கள் யோசிக்க வேண்டும்.

விரிவுரையாளர் பக்கம்

"என் வகுப்பில் முந்நூறு பேர், நான் எப்படி ஒவ்வொருவரையும் ஈடுபடுத்துவது?" என்று விரிவுரையாளர் கேட்பது நியாயமே. அமெரிக்க ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பிக்கும் எரிக் மசூருக்கும் பெரிய வகுப்புத்தான். சூத்திரங்களை இட்டுக் கணக்குச் செய்யும் தம் மாணவர்கள், விசையைப் பற்றிய அடிப்படையான கேள்விகளுக்குத் தடுமாறுவதைக் கண்டு அவர் 1991ஆம் ஆண்டு முறையை மாற்றினார். சிறிது நேரம் விளக்கிவிட்டு ஒரு கேள்வியைப் போடுவார். ஒவ்வொருவரும் தனித்து விடை குறிப்பர். பின்னர் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடுவர். மீண்டும் விடை குறிப்பர். இதற்கு விசேட கருவி கட்டாயமில்லை, நிற அட்டை பிடித்தாலும் கை உயர்த்தினாலும் போதும்.

விஞ்ஞான, கணித, பொறியியல் பாடங்களில் இப்படியான முறைகளையும் வெறும் விரிவுரையையும் ஒப்பிட்ட 225 ஆய்வுகளை 2014ஆம் ஆண்டு ஒரு குழுவினர் தொகுத்தனர். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் நூற்றுக்கு 34 பேரளவில் தோற்க, மாணவர் பங்குபற்றிய வகுப்புகளில் தோற்றோர் 22 பேரளவிலேயே இருந்தனர். நூற்றுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் என்பது சிறிய தொகையல்ல.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2019ஆம் ஆண்டு ஹாவார்ட்டிலேயே வெளிவந்த இன்னோர் ஆய்வில், பங்குபற்றிக் கற்ற மாணவர்கள் சோதனையில் கூடுதலாகப் பெற்றார்கள், ஆனால் தாம் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் விளங்குவது போலிருக்கும். தானே முட்டிமோதும்போது விளங்காதது போலிருக்கும். ஆகவே மாணவர் முணுமுணுக்கிறார்கள் என்பதற்காக விரிவுரையாளர் முறையைக் கைவிட்டுவிடக் கூடாது, முணுமுணுப்பு வரும் என்று முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

ஊரின் கிணறும் இரசாயனப் பாடமும்

தெரிவு என்ற முதலாவது தேவைக்குத் திரும்புவோம். வெட்டுப்புள்ளி கொடுத்த பாடநெறியை மாற்ற முடியாது. ஆனால் அதற்குள் தனக்குரிய கேள்வி ஒன்றை மாணவர் தெரிவுசெய்ய இடமிருக்கிறது. வலிகாமத்திலிருந்து வந்து விருப்பமில்லாமல் இரசாயனவியல் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். நைத்திரேற்று அயனைப் பற்றிய விரிவுரை அவருக்கு இன்னொரு குறிப்பு, அவ்வளவுதான். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளூடாக விரைவாகக் கீழிறங்கும்போது தோட்டங்களுக்கு இட்ட யூரியாவிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் வரும் நைத்திரேற்றும் கூடவே இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குடாநாட்டின் பல கிணறுகளில் அந்த வரம்பு மீறப்பட்டிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அந்நீரில் பால் கரைத்துக் கொடுப்பது ஆபத்தானது, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைத்துவிடும்.

அந்த மாணவி தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துச் சென்று ஆய்வுகூடத்தில் அளந்து பார்க்கும் நாளில் பாடம் வேறாகிவிடுகிறது. அயல் வீட்டுக் கிணற்றில் ஏன் குறைவு? வெங்காயத் தோட்டத்துக்கு எவ்வளவு தூரம்? இதற்கு விடை குறிப்பில் இல்லை, நூலகத்துக்குப் போக வேண்டும். ஆங்கிலக் கட்டுரையையும் இப்போது அகராதியுடன் இருந்து வாசிப்பார், ஏனெனில் வாசிக்க வேண்டிய தேவை வந்துவிட்டது. ஊரவர் வந்து "எங்கட கிணத்தையும் ஒருக்காப் பார் பிள்ளை" என்று கேட்கும்போது தன்னால் முடியும் என்ற உணர்வும், தான் வேண்டப்படுகிறேன் என்ற உணர்வும் சேர்ந்தே வருகின்றன. மலையகத்தில் இது மண்சரிவைப் பற்றிய கேள்வியாகவும் மட்டக்களப்பில் வாவியின் மீன்வளத்தைப் பற்றிய கேள்வியாகவும் இருக்கலாம்.

விடுமுறையில் வரும் பிள்ளையிடம் எத்தனை பாடம் சித்தி என்று மட்டும் விசாரிக்கும் ஊர், இந்த வகையில் உதவக்கூடிய பலவற்றைச் செய்யாமல் விடுகிறது. சனசமூக நிலையமோ விவசாயச் சங்கமோ ஊரின் ஒரு பிரச்சினையை எடுத்து, இதைப் பற்றி உங்கள் பீடத்தில் யாரைக் கேட்கலாம் என்று மாணவரிடம் ஒப்படைக்கலாம். கிணறுகளின் விடயத்தில் மாரி மழைக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டாலே இறுதி வருட ஆய்வுக்குத் தகுந்த கேள்வி ஒன்று கிடைத்துவிடும். அதற்கு வழிகாட்ட ஒரு விரிவுரையாளர் இணங்க வேண்டும், கிணற்றுச் சொந்தக்காரரின் சம்மதம் பெற வேண்டும், முடிவுகளைத் திரும்பக் கொண்டுவந்து அவர்களுக்குத் தமிழில் விளக்க ஒரு மாலைப்பொழுதும் ஒதுக்க வேண்டும்.